லேப் அக்கா யாரிடமும் சொல்லமாட்டாள்

தேனி பஸ் நிலையத்தில் நான் செய்த முதல் காரியமே ஒரு சண்டைதான். கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, நல்லபிள்ளையாக அதை மடித்துக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். துண்டுக்காரர் டீ குடித்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, துண்டப் போட்டு எடம் பிடிச்சிருக்கு, அதத் தூக்கிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கீக? எந்த ஊரு நீங்க?"

"தெலுக் இந்தான்" என்றேன்.

"அது எங்கன இருக்கு? ஆண்டிபட்டிப் பக்கமா?"

மலேசியா என்றதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "அப்ப ஒக்காருங்க, ஒக்காருங்க. நான் சின்னமனூர்ல எறங்கிருவேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். எங்கள் ஊரில் ஆள் உட்கார்ந்தால்தான் இடம். இங்கே துண்டு உட்கார்ந்தாலும் போதும் போலிருக்கிறது. வழி நெடுக எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து கொடுக்கவும் மனசு வரவில்லை, ஏனென்றால் டிரைவர் போன வேகத்துக்கு நின்றுகொண்டு வர எனக்குப் பயம்.

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன். பல் பிடுங்க ஒரு வருஷம் தள்ளிப்போட்டவள். பேராக் மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருஷம் எங்கள் தலைமையாசிரியருக்கு ஓர் ஆசை வந்தது. பிள்ளைகள் கணினியோடு பேச, அது திருத்தி மார்க் போடும் ஒரு புரோகிராமை வாங்கவேண்டும் என்று. "நீங்க போயி எங்கயாச்சும் பார்த்துட்டு வந்து சொல்லுங்க டீச்சர். நீங்க சரின்னா சரி" என்றார். என் கழுத்துக்கு நானே கயிறு பார்த்துவர வேண்டும் என்பதுபோல இருந்தது.

இணையவழி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் எமல்டா டீச்சர் பழக்கமானார். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் ஆங்கில டீச்சர். அவர்கள் பள்ளியில் அந்த மாதிரிப் புரோகிராம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. "வந்து பாருங்க டீச்சர், பயம் தெளிஞ்சிரும்" என்றார். பள்ளி விடுமுறையில் கிளம்பிவிட்டேன். பயம் தெளியவில்லை. கொண்டுபோன பயத்தை அங்கே விட்டுவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது என் வேலையைப் பற்றியதல்ல. தினமும் விடியுமுன் மலையேறும் ஒரு ஜீப்பைப் பற்றியது.

எமல்டா டீச்சர் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம், திரையில் பேசியதைவிட மூன்று மடங்கு பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் இடியாப்பமும். மிளகாயை அள்ளிப் போட்டிருந்தார்கள். நான் சம்பாலில் ஊறிய நாக்குக்காரி, எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. "காரமா டீச்சர்? பிள்ளைக திங்கும்னு கொறச்சுத்தான் போட்டேன்" என்றார். அடுத்து ஒரு தட்டு பன்னீர்த் திராட்சை வந்தது. அதைத் தின்றுதான் பிழைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொன்றாம் வகுப்பு. லேப் என்று ஒரு நீள அறை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹெட்போன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தை இரைச்சல் மாதிரிதான், ஆனால் ஒருவர்கூட இன்னொருவரோடு பேசவில்லை. வாசலில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை.

"பாத்தீகளா?" என்றார் எமல்டா, பெருமையாக. "எனக்கு அறுபது பிள்ளைக. நாப்பது நிமிசம். ஒரு பிள்ள முழுசா ஒரு வாக்கியம் பேசணும்னா மாசக்கணக்காகும் டீச்சர். இப்பப் பாருங்க, ஒவ்வொண்ணும் அரைமணி நேரம் பேசுது. நான் பன்னெண்டு வருசம் தொண்டத்தண்ணி வத்தக் கத்தியும் வராதது."

அந்தப் புரோகிராமுக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. பிள்ளைகள் அதை விட்டுவிட்டு 'லேப் அக்கா' என்று கூப்பிட்டார்கள். இடைவேளையில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். லேப் அக்காவைப் பிடிக்குமா என்று கேட்டேன்.

"பிடிக்கும் மிஸ். நான் தப்பாச் சொன்னா அக்கா சிரிக்காது. இவய்ங்க சிரிப்பாய்ங்க" என்றான் ஒருவன். பக்கத்தில் நின்ற 'இவய்ங்க' உடனே சிரித்தார்கள்.

"தப்பு விட்டா 'போதும், உக்காரு'ன்னு சொல்லாது மிஸ்" என்றான் இன்னொருவன்.

"எனக்குப் பயம்மா இருக்கு மிஸ்" என்றாள் ஒருத்தி. "நான் வார்த்தையத் தேடிக்கிட்டு இருக்கையிலேயே அது எடுத்துக் குடுத்துருது. வீட்ல பேசுறப்பவும் யாராச்சும் எடுத்துக் குடுப்பாகன்னு நிக்கிறேன்."

கடைசியில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஒல்லி, இரட்டைச் சடை, கண்ணை நேராக வைத்துப் பார்ப்பவள். பெயர் ரெஜினா. "உனக்கு?" என்றேன்.

"அக்கா யார்ட்டயும் சொல்லாது மிஸ்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. டீச்சராக இருபது வருஷம் குப்பை கொட்டியவள், அங்கே கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் தமிழய்யா கொதித்துக்கொண்டிருந்தார். மலேசியாவிலிருந்து ஒரு தமிழ் டீச்சர் வந்திருப்பது அவருக்குத் தன் பக்கம் ஒரு வக்கீல் கிடைத்தமாதிரி. "கட்டுர எழுதிட்டு வாங்கடான்னா எல்லாம் ஒண்ணுபோல சுத்தமா எழுதிட்டு வர்றாய்ங்கம்மா. தப்பே இல்ல. தப்பு விட்டாத்தான எனக்குப் பிள்ளைய அடையாளம் தெரியும்? இப்ப யாரு எழுதுனதுன்னு எந்தத் தாளையும் பாத்து என்னால சொல்ல முடியல" என்றார். எமல்டா டீச்சர் பக்கத்திலிருந்து, "அய்யா, ஒங்க கட்டுரையத் திருத்த ஒங்களுக்கே சோம்பேறித்தனம், இதுல பிள்ளையக் கொற சொல்றீக" என்று வாரிவிட்டார். அவர் சிரித்தார். ஆனால் முன்னால் இருந்த கட்டுரைத் தாள்களைப் பார்க்காமலே ஓரமாகத் தள்ளினார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

பேசியதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். எல்லாம் பதிவாகி டீச்சரின் கணக்கில் இருக்குமாம். "கேட்பீங்களா?" என்றேன். "அறுபது பிள்ள, ஆளுக்கு அரைமணி நேரம். எங்கிட்டுக் கேக்க? மார்க்கு மட்டும் வரும், அதப் பாத்துக்குவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெற்றோர் கூட்டம். இந்த வருஷம் முதல் மார்க் வாங்கிய பேச்சை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டப்போகிறார்கள். முதல் மார்க் ரெஜினாவுக்கு. பெற்றோருக்கு ஆங்கிலம் புரியாது என்பதால், அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியது வெளிநாட்டு விருந்தாளியான நான். தலைமையாசிரியை சிஸ்டர் ஏற்கனவே அறிவித்துவிட்டார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஏலத்தோட்டம் பார்க்க ஆசைப்பட்டேன். எங்கள் பக்கம் ரப்பரும் பாமாயில் எடுக்கும் செம்பனையும்தான். ஏலக்காயை நான் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறேன். "ரெஜினாவோட அப்பா சேவியரண்ணன் ஜீப்புலயே போயிருங்க" என்றார் எமல்டா. "தெனமும் கம்பம்மெட்டு மல வழியா நம்ம ஊர்ப் பொம்பளைகளக் கேரளாத் தோட்டத்துக்கு ஏத்திட்டுப் போறாரு. பத்திரமான ஆளு. செபமால சொல்லிக்கிட்டேதான் ஓட்டுவாரு."

விடியுமுன் ஊர்முக்கில் போய் நின்றேன். ஜீப் வந்தது. பின்னால் பெண்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். எண்ண ஆரம்பித்து, பயத்தில் விட்டுவிட்டேன். தூக்குவாளி, தொப்பி, மேலே போட்டுக்கொள்ள ஆம்பிளைச் சட்டை. எனக்கு விருந்தாளி என்று முன் இருக்கை. அங்கேயும் என்னோடு ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார், ஞானம்மா என்று பெயர், அறுபது வயதிருக்கும், குரல் மட்டும் வெண்கலம். சேவியர் வாட்டசாட்டமான மனிதர். கண் சிவந்திருந்தது. விடியற்காலையில் யாருக்குத்தான் சிவக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

"பேசிக்கிட்டே வாங்க டீச்சர்" என்றார் வண்டியை எடுத்ததும். "ஒங்க ஊர்ல மழ எப்பிடி? ரப்பரு எப்பிடி வெட்டுறாக?" நான் குளிர்ந்துபோனேன். டிரைவர் ஒருவர் என் ஊரைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாங்கள் கித்தா என்று சொல்லும் ரப்பர்த் தோட்டம், ஆற்றங்கரை, நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீ என்று அளந்துகொண்டே வந்தேன். மலை ஏறத் தொடங்கியதும் ஞானம்மா செபமாலையை ஆரம்பித்தார். பின்னாலிருந்து எல்லோரும் ஒரே குரலில் பதில். சேவியரின் குரல் எல்லோருக்கும் மேலே, தொண்டை கிழிய. நான் முருகனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் அந்த இருட்டில், ஒருபக்கம் பாறையும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாததுமான அந்த ரோட்டில், நானும் உதட்டை அசைத்தேன்.

ஒரு வளைவில் அவர் குரல் மட்டும் நின்றது. ஜீப்பின் சக்கரம் ஓரத்துச் சரளையில் நறநறவென்று இறங்கியது. நான் "முருகா!" என்று அலறிவிட்டேன். ஞானம்மாவின் கை என்னைத் தாண்டிப் போய் அவர் தோளில் ஓங்கி அடித்தது. வண்டி ஒரு வெட்டு வெட்டி ரோட்டுக்கு வந்தது.

"மாடு குறுக்க வந்துருச்சு" என்றார் சேவியர்.

நான் எந்த மாட்டையும் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து ஞானம்மா, "அடுத்த பத்துச் செபமும் நீங்க சொல்லுங்க சேவியரு. சத்தமா" என்றார். அவர் சொன்னார். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். மேலே போய் இறங்கும்போது விரல்கள் விரியவில்லை.

தோட்டம் ஒரே பச்சை இருட்டு. செடி என் தலைக்கு மேலே, காயோ மண்ணோடு மண்ணாகத் தூரில். குனிந்தபடியே நாள் பூராவும் பறிக்கிறார்கள். மேற்பார்வையாளர் மலையாளத்தில் இரைந்துகொண்டிருந்தார். ஞானம்மா எனக்கு மொழிபெயர்த்தார்: "நேத்து எடை கொறஞ்சு போச்சாம், இன்னிக்கு வாயக் கொறைங்கங்கிறாரு." பதிலுக்கு அவர் மலையாளத்திலேயே ஏதோ சொல்ல, பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதை மட்டும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மத்தியானம் பக்கத்து டீக்கடையில் கப்பையும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் அதே மரவள்ளியை நெத்திலிச் சம்பாலோடு தின்போம். ருசியாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அந்த வளைவே நினைவில் நின்றதால் ருசி தெரியவில்லை. சேவியர் ஜீப்புக்குள் காலை நீட்டிப் பிணம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் மொழிபெயர்க்க வேண்டுமே, ஒருதடவை கேட்டுக்கொள்ளலாம் என்று எமல்டாவிடம் ரெஜினாவின் பேச்சைப் போடச் சொன்னேன். அவரும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்கு வந்தவரை தமிழில் தருகிறேன்.

முதலில் பெயர், ஊர், பள்ளி. பிறகு லேப் அக்கா தேன் குரலில் கேட்டது: "உன் குடும்பத்தின் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்வாயா?"

"எங்கள் அப்பா ஜீப் ஓட்டுகிறார்" என்றாள் ரெஜினா. "காலையில் பெண்களை மலைக்கு ஏற்றிப் போகிறார். ராத்திரி காய்கறி லோடு ஏற்றித் தேனி மார்க்கெட்டுக்குப் போகிறார். என்னை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று போகிறார். அவர் எப்போது தூங்குகிறார் என்று எனக்குத் தெரியாது."

"அருமை! மேலும் சொல்."

"ஜீப்பில் செபமாலையைச் சத்தமாகச் சொல்வார். அவருக்குப் பக்தி அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் தூங்கிவிடாமல் இருக்கச் சொல்கிறார். அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டேன். ஒருநாள் வளைவில் கண் மூடிவிட்டதாம். கண்ணைத் திறந்தபோது வளைவு முடிந்திருந்ததாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் யாரிடம் சொல்வது?"

"எவ்வளவு அழகான குடும்ப வழக்கம்!" என்றது லேப் அக்கா. "வாக்கியங்களை மிக நன்றாக இணைத்துப் பேசுகிறாய். இப்போது உனக்குப் பிடித்த உணவைப் பற்றிப் பேசலாமா?"

பிறகு அந்தப் பெண், "பேசலாம். எனக்குப் பிடித்தது ஆப்பம்" என்றாள்.

ஜீப்பில் சேவியர், பேசிக்கிட்டே வாங்க டீச்சர் என்றாரே, அது என் ஊர் மேல் இருந்த ஆசை இல்லை. எமல்டா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "போன மாசம் பேசியிருக்கா டீச்சர். தொண்ணூத்தேழு போட்டிருந்துச்சு. நான் மார்க்கப் பாத்து 'குட் ரெஜினா'ன்னு சொன்னேன்" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

என்ன செய்வது? சேவியரிடம் போய்ச் சொன்னால், மகள் காட்டிக்கொடுத்ததாக ஆகும். பெண்களிடம் சொன்னால், நாளையே ஜீப்பில் யாரும் ஏறமாட்டார்கள், அந்தக் குடும்பத்தின் சோற்றில் மண். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை விடியுமுன் அத்தனை பேரும் அதே வளைவில் போவார்கள். "நான் கேட்டேன்னு தெரிஞ்சா இனி ஒரு பிள்ளையும் அதுட்ட வாயத் தொறக்காது" என்றார் எமல்டா. "திறக்காவிட்டால் போகட்டும் லா!" என்று எங்கள் ஊர் மலாய் 'லா'வோடு நான் கத்திவிட்டேன். ஞாயிறு ஜீப் ஓடாது என்ற ஒன்றுதான் தைரியம். கடைசியில், கூட்டத்தில் முதல் பகுதியை மட்டும் போட்டு நிறுத்திவிடுவது, மற்றதைப் பிறகு யோசிப்பது என்று முடிவுசெய்தோம். பயந்தவர்கள் எடுக்கும் முடிவு அப்படித்தான் இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து பள்ளி மண்டபம் நிறைந்துவிட்டது. ஜீப்பில் பார்த்த அத்தனை முகங்களும் இப்போது பூ வைத்து, பட்டுக் கட்டி. ஞானம்மாவின் பேத்தி அதே வகுப்பாம், முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். சேவியர் வெள்ளைச் சட்டையில், பின்சுவரில் சாய்ந்து நின்றார். ரெஜினாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தன் பேச்சில் எதைப் போடப்போகிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எமல்டா இயக்குவார் என்றிருந்த கம்ப்யூட்டரைச் சிஸ்டரே இயக்கினார். எமல்டா கண்ணால் ஜாடை காட்டினார். கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. பெயர், ஊர், பள்ளி முடிந்தது. நிற்கவில்லை. "எங்கள் அப்பா ஜீப் ஓட்டுகிறார்" என்று ஸ்பீக்கரில் ஆங்கிலத்தில் வந்தது.

ரெஜினாவின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சேவியரோ மகள் வெள்ளைக்காரி மாதிரிப் பேசுவதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. சிஸ்டருக்கு ஆங்கிலம் தெரியுமே. நர்சிங் வரும்போது புருவம் சுருங்கியது. வளைவு வரும்போது சட்டென்று கம்ப்யூட்டரை மூடினார்.

"ஏன் சிஸ்டர் நிப்பாட்டிட்டீக? நல்லாத்தான இருந்துச்சு?" என்று யாரோ சத்தம் போட்டார். "என்ன சொல்லுதுன்னு மலேசியா டீச்சரச் சொல்லச் சொல்லுங்க!"

சிஸ்டர் மைக்கை என் கையில் திணித்தார். அவரும் பயந்துதான் திணித்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ரெஜினா சொல்வது என்னவென்றால்," என்று ஆரம்பித்தேன். "அவளுடைய அப்பா மிகுந்த பக்திமான். மலையேறும்போது செபமாலை சொல்லிக்கொண்டேதான் ஜீப் ஓட்டுவார். அது அவர்கள் குடும்பத்தின் அழகான வழக்கம்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சேவியர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லேப் அக்கா சொன்னதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன், வார்த்தை மாறாமல், என்று அப்போதுதான் உறைத்தது. தேனாகப் பேசும் இயந்திரத்தைப் பார்த்துப் பயந்து வந்தவள் நான்.

ரெஜினா என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள்.

"டீச்சர் சொன்னது நான் சொன்னதில்ல" என்றாள். "அப்பா, நீங்க சாமிக்காக அம்புட்டுச் சத்தமாச் சொல்லல. தூங்கிரக் கூடாதுன்னு சொல்றீக. வளைவுல ஒருக்கா கண்ண மூடிட்டேன்னு அம்மாட்டச் சொன்னீகல்ல? நான் கேட்டேன். எனக்கு நர்சிங் வேணாம்ப்பா. ராத்திரி லோடு வேணாம்."

கைதட்டியவர்களின் கை பாதியில் நின்றது. சேவியரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோனமாதிரி. நான் பெண்களைப் பார்த்தேன். கத்துவார்கள், சேவியர் மேல் பாய்வார்கள் என்று நினைத்தேன்.

ஞானம்மா எழுந்தார். "எங்களுக்குத் தெரியும்டி ஆத்தா" என்றார்.

மேடையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"ஒங்கப்பன் தூங்கிச் சொக்குறது பக்கத்துல ஒக்காந்து வர்றவளுக்குத் தெரியாதா? நாங்க எதுக்கு நாலு வருசமா தொண்ட கிழியக் கத்திக்கிட்டு வர்றோம்? சாமிக்கு மெதுவாச் சொன்னாக் கேக்காதா? வேற ஜீப்புல போவோம்னா, அங்கன ஓட்டுற பயலுக குடிச்சிட்டு ஓட்டுறாய்ங்க. இந்த மனுசன் முழிச்சிருக்கணும்னு பாடாப் படுறாரு. அதுக்குத்தான் இவரு வண்டி." சொல்லிவிட்டு உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை.

அவர்களுக்குத் தெரியும் என்பது சேவியருக்குத் தெரியாது. அந்த மனிதர் அத்தனை பேர் முன்னாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். கூட்டத்துக்குப் பிறகு வைத்திருந்த கேசரியை யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை நான் கிளம்பவேண்டிய நாள். விடியுமுன் பெட்டியோடு ஊர்முக்குக்கு வந்தேன். எமல்டாவும் வந்தார். ரெஜினா எங்களுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தாள். "அப்பா ராத்திரி லோடுக்குப் போகல மிஸ்" என்றாள். "தூங்குனாரா?" என்றேன். "படுத்திருந்தாக. தூங்குன மாதிரித் தெரியல."

ஜீப் வந்தது. பெண்கள் ஏறினார்கள், வழக்கமான பேச்சு இல்லை. ரெஜினா முன்னால் போய், "நானும் வாறேன்ப்பா, பேசிக்கிட்டே வாறேன்" என்றாள். "பள்ளிக்கொடத்துக்குப் போ" என்றார், அவளைப் பார்க்காமல். ஞானம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

நாங்கள் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் ரோடு அமைதி, வண்டிக்குள்ளிருந்து செபமாலைச் சத்தம் ஊர் தாண்டும்வரை கேட்குமாம். அன்றைக்குக் கேட்கவில்லை. எதற்காகச் சொல்கிறோம் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. யார் முதலில் ஆரம்பிப்பது? சொன்னால் அவரைக் குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடாதா?

"மிஸ், சத்தம் கேக்குதா?" என்றாள் ரெஜினா.

"கேட்கவில்லைம்மா."

"எனக்கும் கேக்கல" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. எமல்டா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். ஜீப்பின் சிவப்பு விளக்கு தென்னந்தோப்பில் மறைந்தது.

மதுரைக்குப் போகும் பஸ்ஸிலும் ஓர் இடத்தில் துண்டு கிடந்தது, அதில் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தேன், பயப்படக்கூடத் தோன்றவில்லை. சாயங்காலம் போனில் ரெஜினாவின் குரல் வந்தது, ஒரே வாக்கியம்: "வந்துட்டாக மிஸ்." நடு ரோட்டில் நின்று அழுதேன்.

ஊருக்குத் திரும்பியதும் தலைமையாசிரியர் கேட்டார். "வாங்குங்க ஐயா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஆனா பிள்ளைங்க பேசுறத உட்கார்ந்து கேட்கப்போற ஆளு யாருன்னு முதல்ல பேரச் சொல்லுங்க. அந்த ஆளு இல்லாம வாங்காதீங்க" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ரெஜினா லேப் அக்காவோடு இப்போதும் பேசுகிறாளாம், பிடித்த உணவு, பிடித்த நிறம் என்று. மார்க் குறைந்துவிட்டதாக எமல்டா சொன்னார். எனக்கு மட்டும் தினமும் அங்கே சாயங்காலமானதும் அந்த ஒரு வாக்கியத்தைக் குரலில் பதிந்து அனுப்புகிறாள். ஜீப்பில் செபமாலை மறுபடி ஆரம்பித்துவிட்டதா என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். அந்தக் குரல் வந்த பிறகுதான் இங்கே அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

இதை எழுதி முடிக்கும்போது எங்கள் ஊரில் ராத்திரி பத்தரை மணி, அங்கே எட்டு. ஜீப் எப்போதோ மலை இறங்கியிருக்க வேண்டும். போன் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு இன்னும் வரவில்லை.